ஜெர்மனி ஒன்றானது எப்படி? சுங்கச்சாவடியும் ரயிலும் பீரங்கியும்

லீப்ஸிக் நகரத்து ரயில் நிலையத்துக்கு இரண்டு பெரிய வாசல்கள். மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். 1915-ல் அந்த நிலையம் கட்டி முடிக்கப்பட்டபோது மொத்தம் 26 பிளாட்பாரங்கள். அவற்றில் 13 பிரஷ்ய ராஜ்யத்து ரயில்வேக்குச் சொந்தம். மற்ற 13 ஸாக்ஸனி ராஜ்யத்து ரயில்வேக்குச் சொந்தம். முகப்புக் கூடம் இரண்டு, மாடிப்படி இரண்டு, நிர்வாகமும் இரண்டு. ஊர் ஒன்றுதான், கூரையும் ஒன்றுதான். கணக்குப் புத்தகம் மட்டும் வேறு வேறு.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜெர்மனி ஒரே நாடாகி அப்போது 44 வருஷங்கள் ஆகியிருந்தன. சக்கரவர்த்தி ஒருவர், நாணயம் ஒன்று, கொடி ஒன்று. தண்டவாளம் மட்டும் ஒன்றாகவில்லை!

பிஸ்மார்க் என்ற இரும்பு மனிதர் மூன்று யுத்தங்களை நடத்தி ஜெர்மனியை ஒன்றாக்கினார் என்பது பள்ளிக்கூடப் பாடம். அது பொய்யல்ல, ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதி சுங்கச்சாவடியிலும் கூட்ஸ் ஷெட்டிலும் கல்யாணத்துக்கு அனுமதி கேட்டு ஊர்ச் சபை வாசலில் நின்ற ஏழைத் தொழிலாளியிடமும் இருக்கிறது.

ஒரு மூட்டைக்குப் பத்து சுங்கம்

நெப்போலியனின் அடியால் 1806-ல் பழைய ரோமானியப் புனிதப் பேரரசு கலைந்தது. அதற்குமுன் ஜெர்மன் மொழி பேசும் பூமியில் சுமார் 300 ராஜ்யங்களும் சமஸ்தானங்களும் மடாலய ஆட்சிகளும் இருந்தன. நெப்போலியன் பலவற்றை அழித்து, சிலவற்றைப் பெருக்கினான். அவன் வீழ்ந்தபின் 1815-ல் வியன்னா மகாநாட்டில் வல்லரசுகள் கூடிப் பேசி, மிச்சமிருந்தவற்றை ஒரு தளர்ந்த கூட்டில் கட்டிவைத்தன. அந்தக் கூட்டில் 39 உறுப்பினர்கள். ஒரு முனையில் ஆஸ்திரியப் பேரரசு, மறுமுனையில் கைக்குட்டை அளவு லீக்டன்ஸ்டைன். நடுவில் பிரஷ்யா, பவேரியா, ஸாக்ஸனி, ஹனோவர், வூர்ட்டம்பர்க் ஆகிய ராஜ்யங்கள். ஹாம்பர்க், பிரேமன், லூபெக், பிராங்க்பர்ட் என்ற நான்கு சுதந்திர நகரங்கள்.

பிராங்க்பர்ட்டில் ஒரு சபை கூடியது. ஆனால் அதில் ஜனங்களின் பிரதிநிதி ஒருவரும் இல்லை. ராஜாக்களின் தூதர்கள் வந்து உட்கார்ந்து போனார்கள். தலைமை நாற்காலி ஆஸ்திரியாவுக்கு.

இந்த ஏற்பாட்டில் அதிகம் அவதிப்பட்டவன் வியாபாரி. 1819-ல் பிராங்க்பர்ட் சந்தைக்கு வந்த வியாபாரிகள் ஒரு மனு எழுதினார்கள். அதைத் தயாரித்துக் கொடுத்தவர் பிரடெரிக் லிஸ்ட் என்ற பேராசிரியர். ஹாம்பர்க்கிலிருந்து ஆஸ்திரியாவுக்குச் சரக்கு அனுப்புகிறவன் பத்து ராஜ்யங்களைக் கடக்கவேண்டும், பத்துச் சுங்கச் சட்டங்களைப் படித்திருக்கவேண்டும், பத்து முறை வழிச்சுங்கம் கட்டவேண்டும் என்பது அதில் சொல்லப்பட்ட முக்கியமான குறை. வடக்கே தாலர் நாணயம், தெற்கே குல்டன் நாணயம். எடையும் அளவும் ஊருக்கு ஊர் வேறு.

வியாபாரியாவது பணம் கட்டித் தப்பினான். வேலை தேடிப் போன தொழிலாளியின் பாடு அதைவிட மோசம். தச்சு வேலையோ கொல்லு வேலையோ கற்றுத் தேர்ந்த இளைஞன் ஊர் ஊராக நடந்து வேலை பார்ப்பது ஜெர்மானியரின் பழைய வழக்கம். அவன் கையில் ஒரு பயணப் புத்தகம் இருக்கும். போகிற ஊரிலெல்லாம் போலீசார் அதில் முத்திரை குத்துவார்கள். எல்லை தாண்டிய மறு நிமிஷம் அவன் அயல்நாட்டான். அவன் பேசுவதும் ஜெர்மன், அந்த ஊரார் பேசுவதும் ஜெர்மன்; அதனால் பயன் ஒன்றுமில்லை. வேலை போய்க் கையில் காசில்லாமல் நின்றாலோ, நோயில் படுத்தாலோ, அவனை எல்லைக்கு அப்பால் தள்ளிவிடுவார்கள். பிறந்த ஊர்க்காரர்களும் சில சமயம், "இவன் போய்ப் பல வருஷம் ஆயிற்று, எங்கள் கணக்கில் இல்லை" என்று கையை விரித்தார்கள். இப்படி இரண்டு எல்லைகளுக்கு நடுவே பந்தாடப்பட்டவர்களை யார் ஏற்றுக்கொள்வது என்று தீர்மானிக்கவே 1851-ல் கோத்தா நகரில் பல ராஜ்யங்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள நேர்ந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

தென் ராஜ்யங்கள் பலவற்றில் ஏழை ஒருவன் கல்யாணம் செய்துகொள்ளவும் ஊர்ச் சபையின் சம்மதம் வேண்டும். சொத்தோ நிலையான தொழிலோ இல்லாதவன் மனுப் போட்டால் தள்ளிவிடுவார்கள். நாளைக்கு அவன் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றும் பாரம் ஊரின் தலையில் விழுமே என்ற பயம்!

பணம் போட்ட முடிச்சு

முதல் முடிச்சைப் போட்டது பிரஷ்யா. அதற்குக் காரணம் தேசபக்தி அல்ல, பூகோளம். 1815 ஏற்பாட்டில் பிரஷ்யாவுக்கு மேற்கே ரைன் நதிப் பிரதேசம் கிடைத்தது. ஆனால் கிழக்கே இருந்த பழைய பிரஷ்யாவுக்கும் இந்தப் புதிய பகுதிக்கும் நடுவே ஹனோவரும் ஹெஸ்ஸேயும் குறுக்கே படுத்திருந்தன. பிரஷ்யாவுக்கு உள்ளேயே அறுபதுக்கும் மேற்பட்ட சுங்க விகிதங்கள். 1818-ல் அவற்றையெல்லாம் ஒரே சட்டத்தால் ஒழித்து, வெளி எல்லையில் மட்டும் சுங்கம் என்று ஆக்கினார்கள். பிரஷ்யாவின் நடுவே தீவுகள்போலக் கிடந்த குட்டி சமஸ்தானங்களுக்குத் தர்மசங்கடம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பிரஷ்யச் சுங்கம். 1819-ல் ஷ்வார்ஸ்பர்க் ஸோண்டர்ஸ்ஹௌஸன் என்ற வாய் நிறையப் பெயர் கொண்ட சின்ன சமஸ்தானம் முதலில் சேர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்தன.

பிரஷ்ய நிதி மந்திரி மோட்ஸ் என்பவர் இதன் ராஜதந்திர மதிப்பைப் புரிந்துகொண்டவர். சுங்கத்தில் சேர்ந்தவர்கள் நாளை அரசியலிலும் சேர்வார்கள் என்பது அவர் கணக்கு. 1830-ல் அவர் காலமாகிவிட்டார். ஆனால் வேலை நிற்கவில்லை. 1834 ஜனவரி 1-ந் தேதி ஜெர்மன் சுங்கக் கூட்டமைப்பு அமலுக்கு வந்தது. 18 ராஜ்யங்கள், இரண்டு கோடிக்கும் மேற்பட்ட ஜனங்கள். அன்று நள்ளிரவு எல்லைச் சாவடிகளில் சரக்கு வண்டிகள் வரிசை கட்டி நின்றன என்றும், மணி பன்னிரண்டு அடித்துக் குறுக்குக் கட்டை தூக்கப்பட்டதும் ஆரவாரத்தோடு புறப்பட்டன என்றும் சொல்வார்கள்.

ராஜாக்கள் இதற்குச் சம்மதித்தது ஏன்? வசூலான சுங்கத்தை ஜனத்தொகைக் கணக்கில் பங்கிட்டுக் கொடுத்தார்கள். தனியாகச் சாவடி வைத்து, சேவகர்களுக்குச் சம்பளம் கொடுத்து, கள்ளக்கடத்தல்காரர்களைத் துரத்தி வசூலித்ததைவிட இது அதிகமாக இருந்தது. பணம் கிடைத்தால் சட்டசபையிடம் கையேந்த வேண்டியதில்லை அல்லவா? ஒவ்வொரு ராஜாவும் தன் கிரீடத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே கையெழுத்துப் போட்டார். அதே கையெழுத்துதான் பின்னால் கிரீடத்தின் கனத்தைக் குறைத்தது.

ஆஸ்திரியா கடைசிவரை சேரவில்லை. ஹாம்பர்க்கும் பிரேமனும் கப்பல் வியாபாரத்தை எண்ணி 1888 வரை வெளியிலேயே நின்றன.

மனு எழுதிக் கொடுத்த லிஸ்ட்டின் கதை வருத்தமானது. தன் ராஜ்யமான வூர்ட்டம்பர்க்கின் அதிகாரவர்க்கத்தைக் குறைகூறியதற்காகச் சிறை சென்று, அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனார். பென்ஸில்வேனியாவில் பத்திரிகை நடத்தினார்; நிலக்கரிச் சுரங்கத்திலும் ரயிலிலும் ஈடுபட்டார். திரும்பி வந்து 1833-ல், ஜெர்மனி முழுவதையும் இணைக்கும் ரயில் பாதைகளைப் படம் போட்டுக் காட்டி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அப்போது ஜெர்மன் மண்ணில் நீராவி ரயில் ஒன்றுகூடக் கிடையாது! சுங்கக் கூட்டமைப்பும் ரயிலும் ஒட்டிப்பிறந்த இரட்டையர் என்பது அவர் கொள்கை. கடனும் நோயும் வாட்ட, 1846 நவம்பரில் குப்ஸ்டைன் என்ற ஊருக்கருகே தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். இளம் தொழில்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற அவர் வாதத்தைப் பிறகு எத்தனையோ நாடுகள் எடுத்துக்கொண்டன. 1892-ல் புனாவில் இந்தியப் பொருளாதாரம் பற்றிப் பேசிய நீதிபதி ரானடேயும் லிஸ்ட்டைத் துணைக்கு அழைத்தார்.

இரண்டு பீப்பாய் பீர்

1835 டிசம்பர் 7-ந் தேதி நியூரம்பர்க்கிலிருந்து பூர்த் என்ற பக்கத்து ஊருக்கு முதல் நீராவி ரயில் ஓடியது. தூரம் சுமார் 6 கிலோமீட்டர். 'கழுகு' என்று பெயரிடப்பட்ட எஞ்சின் இங்கிலாந்தில் ஸ்டீபன்ஸன் பட்டறையிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தது. ஓட்டுவதற்கு வில்லியம் வில்ஸன் என்ற ஆங்கிலேயரும் வந்தார். கம்பெனி டைரக்டரைவிட டிரைவருக்குச் சம்பளம் அதிகம். (ரயில்வேயில் அப்படியும் ஒரு காலம் இருந்தது!) மறு வருஷம் அதே ரயிலில் முதல் சரக்காக ஏறியவை இரண்டு பீப்பாய் பீர்.

லிஸ்ட் போராடிய லீப்ஸிக் - டிரெஸ்டன் பாதை 1839-ல் முழுவதும் திறக்கப்பட்டது. அதன்பின் வேகம் பிடித்தது. 1850-ல் ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர். 1870-ல் 18,000 கிலோமீட்டருக்கு மேல். எஞ்சினுக்கு இங்கிலாந்தை எதிர்பார்த்த நிலையும் மாறியது. பெர்லினில் போர்ஸிக் என்பவர் 1841-ல் முதல் எஞ்சினைக் கட்டினார். அவருடைய தொழிற்சாலையின் ஆயிரமாவது எஞ்சின் 1858-ல் வெளிவந்தது. ஏஸன் நகரத்துக் குருப், ரயில் சக்கரத்துக்கு மேல் போடும் ஒட்டில்லாத எஃகு வளையங்களைச் செய்து பணம் குவித்தார். அவருடைய பீரங்கியை உலகம் அறியும். ஆனால் அவர் கம்பெனியின் முத்திரை பீரங்கி அல்ல, மூன்று வளையங்கள்.

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. பேடன் ராஜ்யம் 1840-ல் தன் பாதையை 5 அடி 3 அங்குல கேஜில் போட்டது. சுற்றியிருந்தவர்களோ 4 அடி 8½ அங்குலம். 1846-ல் பிராங்க்பர்ட் பக்கமிருந்து வந்த பாதை ஹைடல்பர்க்கில் பேடன் பாதையைச் சந்தித்தபோது வாகன்கள் அங்கேயே நின்றன. ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி, மறுபடி ஏற்றி, டிரான்ஷிப்மென்ட்! ஒரு கேஜிலிருந்து இன்னொரு கேஜுக்குச் சரக்கு மாற்றிப் பழகியவர்களுக்கு அதன் சிரமமும் சேதமும் தெரியும். சில வருஷங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1854-55-ல் பேடன் தன் பாதை முழுவதையும் பெயர்த்துக் குறுக்கியது. எந்தச் சக்கரவர்த்தியும் உத்தரவு போடவில்லை; பக்கத்து ஸ்டேஷனில் தேங்கிய சரக்கு போட்ட உத்தரவு அது. 1847 முதல் ஜெர்மன் ரயில்வே நிர்வாகங்கள் ஒரு சங்கமாகக் கூடி, ஒருவர் வாகன் மற்றவர் பாதையில் போவதற்கான விதிகளை வகுத்துக்கொண்டன. தேசம் பிறப்பதற்கு 24 வருஷம் முன்பே இது நடந்தது.

மறுக்கப்பட்ட கிரீடம்

மனம் ஒன்றாகாமல் பணம் மட்டும் ஒன்றானால் போதுமா? அந்த மனமும் ஒரு பக்கம் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. லூதரின் பைபிள் மொழிபெயர்ப்பு ஏற்கெனவே ஒரு பொது எழுத்து மொழியைக் கொடுத்திருந்தது. நெப்போலியனின் படைகள் பெர்லினில் இருந்த காலத்தில் பிஹ்டே என்ற தத்துவப் பேராசிரியர் ஜெர்மன் தேசத்தாருக்கு என்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். கிரிம் சகோதரர்கள் பாட்டிக் கதைகளைத் திரட்டினார்கள். அரசியல் கூட்டத்துக்குத் தடையிருந்த ஊர்களில் பாட்டுச் சங்கங்களும் தேகப்பயிற்சிச் சங்கங்களும் அந்த வேலையைச் செய்தன. 1832-ல் ஹம்பாக் கோட்டையில் கறுப்பு, சிவப்பு, பொன் நிறக் கொடியோடு ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள்.

1848-ல் பாரிஸில் கிளம்பிய புரட்சித் தீ ஜெர்மன் ராஜ்யங்களையும் பற்றியது. மே 18-ந் தேதி பிராங்க்பர்ட்டின் செயின்ட் பால் தேவாலயத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட தேசிய சபை கூடியது. பேராசிரியர்களும் வக்கீல்களும் அதிகாரிகளும் நிறைந்த சபை. பல மாதங்கள் பேசினார்கள். ஆஸ்திரியாவையும் சேர்த்த பெரிய ஜெர்மனியா, அதை விட்ட சின்ன ஜெர்மனியா என்பது தீராத வழக்கு. ஆஸ்திரிய சக்கரவர்த்தியின் கீழ் ஹங்கேரியரும் செக்குகளும் இத்தாலியரும் இருந்தார்கள். அவர்களை எங்கே வைப்பது? முடிவில் சின்ன ஜெர்மனி என்று தீர்மானித்து, 1849 ஏப்ரலில் பிரஷ்ய மன்னர் நான்காம் பிரடெரிக் வில்லியமுக்குக் கிரீடத்தைக் கொண்டுபோனார்கள். தூதுக்குழுவின் தலைவர் சபைத் தலைவரான எட்வர்ட் ஸிம்ஸன். ஜனங்கள் கொடுக்கும் கிரீடம் தெய்வச் சித்தத்தால் ஆளும் மன்னருக்குக் கௌரவக் குறைவு என்று மன்னர் மறுத்துவிட்டார். சில மாதங்களில் சபையே கலைந்தது. கைதுக்கு அஞ்சிப் பலர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

பெட்டி நிறையச் சட்டம் இருந்தது, படை ஒன்று இல்லை. அதுதான் பிராங்க்பர்ட் சபையின் கோளாறு. இந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவர் ஒருவர் இருந்தார்.

பிஸ்மார்க் வந்தார்

1862 செப்டம்பரில் பிஸ்மார்க் பிரஷ்யாவின் பிரதம மந்திரியானார். ராணுவச் செலவுக்குச் சட்டசபை பணம் ஒதுக்க மறுத்த நெருக்கடி நேரம். பேச்சுக்களாலும் பெரும்பான்மை வோட்டுக்களாலும் அல்ல, இரும்பாலும் ரத்தத்தாலும்தான் இந்தக் காலத்தின் பெரிய பிரச்னைகள் தீரும் என்ற பொருளில் அந்த மாதம் 30-ந் தேதி அவர் பேசிய பேச்சு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பட்ஜெட் நிறைவேறாமலே நான்கு வருஷம் வரி வசூலித்தார். 1865-ல் கொலோன் - மிண்டன் ரயில்வேயில் அரசுக்கு இருந்த உரிமைகளைக் கம்பெனிக்கே விற்று வரப்போகும் யுத்தத்துக்குப் பணம் சேர்த்தார். சட்டசபை தராததை ரயில் தந்தது!

1864-ல் ஆஸ்திரியாவையும் கூட்டிக்கொண்டு டென்மார்க்குடன் யுத்தம். ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகள் கைக்கு வந்தன. அவற்றைப் பங்கிடுவதில் மூட்டிய சண்டையே 1866-ல் ஆஸ்திரியாவோடு யுத்தமாயிற்று. தளபதி மோல்ட்கே ஐந்து ரயில் பாதைகளில் படைகளைக் கொண்டுபோய் எல்லையில் இறக்கினார். ஆஸ்திரியாவுக்கு அந்தத் திசையில் ஒரே பாதை. படுத்தபடியே குண்டு போட்டுச் சுடக்கூடிய துப்பாக்கி பிரஷ்ய சிப்பாயிடம் இருந்தது. நின்றுகொண்டு குழல் வாயில் மருந்து இடிக்கும் துப்பாக்கி ஆஸ்திரியனிடம். ஜூலை 3-ந் தேதி கோனிக்ரேட்ஸ் போரில் முடிவு தெரிந்துவிட்டது. யுத்தம் நடந்தது மொத்தம் ஏழு வாரம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். இந்த யுத்தத்தில் பவேரியா, ஸாக்ஸனி, வூர்ட்டம்பர்க், ஹனோவர் எல்லாம் யார் பக்கம்? ஆஸ்திரியாவின் பக்கம்! பல வருஷம் சுங்கக் கூட்டமைப்பில் கூட இருந்தவர்கள்தான் பிரஷ்யாவை எதிர்த்து ஆயுதம் எடுத்தார்கள். சுங்கத்தில் சேர்ந்தவன் அரசியலிலும் சேர்வான் என்ற மோட்ஸின் கணக்கு அந்த அளவுக்குப் பொய்த்தது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. சிப்பாய்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த அந்த வாரங்களிலும் கூட்டமைப்பின் குமாஸ்தாக்கள் வழக்கம்போலச் சுங்கம் வசூலித்து, பொதுக் கணக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டமைப்பை விட்டுப் போகிறேன் என்று ஒரு ராஜாவுக்கும் சொல்லத் துணிவில்லை. சண்டை போட முடிந்தது, பிரிந்து போக முடியவில்லை.

வென்ற பிரஷ்யா ஹனோவரையும் நாஸௌவையும் ஹெஸ்ஸே காஸலையும் பிராங்க்பர்ட்டையும் விழுங்கியது. ஹனோவரின் கண் தெரியாத மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் நாடு கடந்தார். சுதந்திர நகரமான பிராங்க்பர்ட்டிடம் முதலில் 60 லட்சம் குல்டன் வாங்கிக்கொண்டு, பிறகு இரண்டரைக் கோடி கேட்டார்கள். தர மறுக்கும் நகரத்தாரின் பெயர்ப் பட்டியலும் கேட்டார்கள். மேயர் பெல்னர் அந்தப் பட்டியலைக் கொடுக்கவில்லை. ஜூலை 24-ந் தேதி தூக்குப் போட்டுக்கொண்டு இறந்தார். ஒற்றுமையின் வரலாற்றில் இந்த மேயருக்கு ஒரு வரியாவது உண்டு.

1867-ல் வட ஜெர்மன் கூட்டாட்சி பிறந்தது. தெற்கையும் இழுக்க எண்ணி பிஸ்மார்க் சுங்கத்துக்கென்றே ஒரு பார்லிமெண்டை ஏற்படுத்தி 1868-ல் தேர்தல் நடத்தினார். பவேரியாவிலும் வூர்ட்டம்பர்க்கிலும் வென்றவர்களில் பெரும்பாலோர் பிரஷ்யாவை எதிர்த்தவர்கள். கத்தோலிக்கத் தெற்குக்கு புராட்டஸ்டண்ட் வடக்கின் மேல் சந்தேகம். வரியும் கட்டாய ராணுவ சேவையும் வரும் என்ற பயம். வியாபாரம் செய்வோம், சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தயக்கத்தை உடைத்தது பிரான்ஸ். ஸ்பெயின் நாட்டு அரியணை பற்றிய தகராறில், எம்ஸ் நகரிலிருந்து மன்னர் அனுப்பச் செய்த தந்தியைப் பிஸ்மார்க் சுருக்கிக் கூர்மையாக்கிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். 1870 ஜூலை 19-ந் தேதி பிரான்ஸ் யுத்தப் பிரகடனம் செய்தது. தாக்க வருகிறவன் பழைய எதிரி என்றதும் தெற்கும் வடக்கோடு நின்றது. இரண்டு மூன்று வாரங்களில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான வீரர்களை ரயில்கள் எல்லையில் கொண்டுபோய் இறக்கின. செப்டம்பர் 2-ந் தேதி செடானில் மூன்றாம் நெப்போலியன் சிறைப்பட்டார்.

பல்வலியும் பட்டாபிஷேகமும்

சக்கரவர்த்திப் பட்டத்தை ஜனசபை கொடுத்ததாக இருக்கக்கூடாது, ராஜாக்கள் கொடுத்ததாக இருக்கவேண்டும். அதற்குப் பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் அழைப்புக் கடிதம் எழுதவேண்டும். கடிதத்தைப் பிஸ்மார்க்கே எழுதி அனுப்பினார். பல்வலியோடு படுக்கையில் கிடந்த லுட்விக் அதைப் பார்த்து எழுதிக் கையெழுத்திட்டார். கோட்டைகள் கட்டிக் கடனில் மூழ்கிய அவருக்கு ரகசியமாகப் பணம் போயிற்று. எந்தப் பணம்? ஹனோவர் மன்னரிடம் பறித்த சொத்திலிருந்து!

டிசம்பரில் வட ஜெர்மன் பார்லிமெண்டின் தூதுக்குழுவும் பட்டத்தை ஏற்கும்படி வேண்டிக்கொள்ள வெர்ஸேல்ஸ் சென்றது. தலைவர், 21 வருஷம் முன் கிரீடத்தோடு போய் வெறுங்கையோடு திரும்பிய அதே ஸிம்ஸன்.

1871 ஜனவரி 18-ந் தேதி வெர்ஸேல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் பிரகடனம். பிரஷ்ய மன்னர் வில்லியம் 'ஜெர்மனியின் சக்கரவர்த்தி' என்ற பட்டம் கேட்டார். 'ஜெர்மன் சக்கரவர்த்தி' என்றுதான் கிடைத்தது. அந்தக் கோபத்தில் விழா முடிந்ததும் பிஸ்மார்க்கைத் தாண்டிப் போய் மற்றவர்களுக்குக் கை கொடுத்தார். பவேரிய சட்டசபை இந்த இணைப்பை ஏற்றதோ மூன்று நாள் கழித்து, 102-க்கு 48 வோட்டில். தன் ரயில், தன் தபால், தன் பீர் வரி எல்லாவற்றையும் பவேரியா தன்னிடமே வைத்துக்கொண்டது.

ஒன்றானபின்

யுத்தம் போட்டது கூரை மட்டுமே. அதன் கீழே சுவர் எழுப்ப இன்னும் பல்லாண்டு ஆயிற்று. மார்க் நாணயம் 1876-ல்தான் எங்கும் ஒரே நாணயமாயிற்று. பொதுச் சிவில் சட்டம் 1900-ல் வந்தது. மணி நேரம்கூட ஒன்றில்லை! பெர்லின் நேரம், மியூனிக் நேரம், ஸ்டுட்கார்ட் நேரம், கார்ல்ஸ்ரூ நேரம், லுட்விக்ஸ்ஹாபன் நேரம் என்று ஐந்து. 90 வயதான மோல்ட்கே 1891 மார்ச்சில் பார்லிமெண்டில் எழுந்து, ரயிலுக்கும் ராணுவத்துக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று வாதாடினார். மறு மாதம் இறந்துபோனார். சட்டம் 1893 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. (சிரிப்பதற்கில்லை. இந்திய ரயில்களில் மதராஸ் நேரம் ஓடிய காலத்தில் பம்பாய் தன் சொந்த நேரத்தை வைத்திருந்தது. 1955 வரை அதை முழுக்க விடவில்லை.) எல்லா ரயில்களையும் பேரரசின் கையில் கொண்டுவர 1876-ல் பிஸ்மார்க் முயன்றார். மூன்று யுத்தங்களில் வென்றவர், ஸாக்ஸனி, பவேரியா, வூர்ட்டம்பர்க் ரயில்வேக்களிடம் தோற்றார். முதல் உலக யுத்தத்தில் முடியாட்சிகளெல்லாம் கவிழ்ந்தபின், 1920 ஏப்ரல் 1-ந் தேதிதான் அவை ஒன்றாயின.

சாதாரண ஜனங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் ஒன்று உண்டு. 1867 நவம்பரில் வட ஜெர்மன் கூட்டாட்சி ஒரு சட்டம் செய்தது. கூட்டாட்சியின் எந்தப் பிரஜையும், இருக்க ஓர் இடம் தேடிக்கொண்டால், எந்த ஊரிலும் குடியேறலாம், வேலை செய்யலாம். 1870-ல் வந்த இன்னொரு சட்டப்படி, ஒருவன் ஓர் ஊரில் இரண்டு வருஷம் இருந்துவிட்டால் ஆபத்துக் காலத்தில் அந்த ஊரே அவனுக்கு உதவவேண்டும். பிறந்த ஊருக்குத் துரத்தக்கூடாது. 1871 அரசியல் சட்டத்தின் மூன்றாவது ஷரத்து, ஒரு ராஜ்யத்துப் பிரஜையை மற்ற ராஜ்யம் தன் பிரஜையாகவே நடத்தவேண்டும் என்றது. பவேரியா மட்டும் ஏழை நிவாரண விஷயத்தில் தன் பழைய சட்டத்தை 1916 வரை பிடித்துக்கொண்டிருந்தது.

இந்தச் சட்டத்தின் பலத்தில்தான் கிழக்கே போஸன் பக்கத்துப் போலிஷ் குடியானவர்கள், உட்காரப் பலகையும் போதாத நாலாம் வகுப்புப் பெட்டியில் ஏறி, மேற்கே ரூர் பள்ளத்தாக்கின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு லட்சக்கணக்கில் வந்தார்கள். அவர்கள் பிரஷ்யப் பிரஜைகள். ஆகையால் வருவதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் பேச்சு போலிஷ். 1899-ல் சுரங்க வேலைக்கு ஜெர்மன் தெரிந்திருக்கவேண்டும் என்று விதி வந்தது. 1908-ல், ஜனத்தொகையில் 60 சதவிகிதம் பேர் வேறு மொழி பேசும் பகுதி தவிர, மற்ற இடங்களில் பொதுக்கூட்டம் ஜெர்மனில்தான் நடக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. ரூர் பகுதியில் எந்த ஊரில் அவர்கள் 60 சதவிகிதம் இருக்கமுடியும்? கூட்டத்தில் பேச முடியாதவர்கள் பத்திரிகையில் படித்தார்கள். போகும் நகரிலிருந்து 1890-களில் 'வியாரூஸ் போல்ஸ்கி' என்ற போலிஷ் பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. சுரங்கத்து வேலை நேரமும், ஊர்ச் செய்தியும், கோயில் விசேஷமும், தொழிற்சங்க விவகாரமும் அதில் வந்தன. முதல் உலக யுத்தத்துக்குப் பின் போலந்து சுதந்திர நாடானதும் பலர் ஊர் திரும்பினார்கள். பலர் வட பிரான்ஸின் சுரங்கங்களுக்கு மறுபடி மூட்டை கட்டினார்கள். 1920-களில் அந்தப் பத்திரிகையும் அவர்கள் பின்னாலேயே பிரான்ஸில் லில் நகருக்குக் குடிபெயர்ந்தது.